உப்பில்லாமல் வேகவைத்த மீன்

பால் கொடுத்தால் பிழைக்கும் என்றுதான் சகாதேவன் நினைத்தார். பூனைக்குப் பால் என்பது அவருக்கு மட்டுமா, ஊருக்கே தெரிந்த விஷயம். கறக்கும் இடத்துக்கே போய் நின்று தண்ணீர் கலக்காத பாலாக வாங்கிவந்து, காய்ச்சி, ஆறவைத்து, பஞ்சில் நனைத்து மூன்று குட்டிகளின் வாயிலும் வைத்தார். முதலில் வெள்ளைக்குட்டி கழிந்து கழிந்து செத்தது. பால் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த குட்டிக்கு ஜாஸ்தியாகக் கொடுத்தார். அதுவும் செத்தது. மிஞ்சியது ஒன்றுதான். மல்லாட்டைத் தோலின், அதாவது வேர்க்கடலைத் தோலின், நிறத்தில் ஒரு பெட்டைக்குட்டி. அதற்கும் கழிச்சல் ஆரம்பித்துவிட்டது.

அது கஸ்தூரியின் கட்டிலுக்கு அடியில் பிறந்த குட்டி.

கஸ்தூரி அவர் மனைவி. ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய செவலைப் பூனை கட்டிலுக்கு அடியில், அவளுடைய பழைய புடவையின்மேல் குட்டி போட்டது. எழுந்து உட்காரவும் முடியாதவள், படுத்தபடியே கையைத் தொங்கவிட்டு ஒவ்வொரு குட்டியாகத் தடவிப் பார்த்தாள்.

"இது மல்லாட்டை கலருல கீதுங்க. உங்க மண்டிக்குக் கூட்டினு போங்க, எலி புடிக்கும்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டு பேசிய கடைசிப் பேச்சு அது.

தாய்ப்பூனையும் இல்லை. கார்த்திகைத் தீபத்துக்குக் கூட்டம் ஏற்றிவந்த பஸ் ஒன்றில் அடிபட்டுப் போனது. அதனால் இந்த மல்லாட்டைக் குட்டியும் போய்விட்டால், கஸ்தூரியின் கை கடைசியாகப் பட்ட உயிர் என்று அந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது. சகாதேவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆள், மண்டியில் தராசு பிடிக்கிறவர், ஒரு பூனைக்குட்டிக்காகக் கலங்குகிறார் என்றால் சிரிப்பார்கள்.

அவர் பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் மல்லாட்டை. விளைந்ததைவிடக் காய்ந்தது ஜாஸ்தி. மூட்டை தூக்க மண்டிக்கு வந்த சகாதேவன், முதுகு ஒருநாள் பிடித்துக்கொண்டதும் தராசுக்கு மாறினார். கையில் ஒரு பொருளைத் தூக்கினால் போதும், அதன் எடை அவருக்கு விளங்கிவிடும். இப்போது அந்தக் கைதான் அவரைக் கொன்றது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குட்டியைத் தூக்கி உள்ளங்கையில் வைப்பார். நேற்றைவிடக் கம்மி. மறுநாள் வைப்பார். அதைவிடக் கம்மி. தெரியாமலிருந்தால் தேவலை என்று தோன்றும்.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ராமகிருஷ்ணன் குட்டியின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். தோலைப் பிடித்து இழுத்துவிட்டார். அது உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றது.

"மொதல்ல பால நிறுத்துங்க."

"பூனைக்குப் பாலுதானே சார் குடுப்பாங்க?"

"பசும்பாலு கன்னுக்குட்டிக்கு. இது இன்னா கன்னுக்குட்டியா? அதுவும் இதுக்கு வயிறு ரொம்ப நொய்யி. காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில உப்பும் சக்கரையும் துளி போட்டு, சொட்டு சொட்டா விடுங்க. அப்புறம் மீனு. உப்பு, புளி, காரம் ஒண்ணும் கூடாது. வெறும் தண்ணியில வேகவெச்சி, முள்ளு எடுத்து, அந்தத் தண்ணியோட கூழு மாதிரி மசிச்சி விரலால வைங்க. கொஞ்சமா வைங்க. நாலு வாட்டி, அஞ்சு வாட்டி, கொஞ்சம் கொஞ்சமா."

சகாதேவன் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றார். "மீனு இல்லாம வேற எதுனா சார்..."

"வேற இன்னா? கோயில் புளியோதரையா?" என்று சிரித்த ராமகிருஷ்ணன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சகாதேவன் வீட்டில் கவுச்சி கிடையாது. பிறப்பால் அல்ல. சொன்னால் சிரிப்பாக இருக்கும், அந்த வீட்டில் ஒரு காலத்தில் மீன் வாசம் இல்லாத நாளே கம்மி. கஸ்தூரி வேங்கிக்கால் ஏரிக்கரைப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், மீன் குழம்பு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். அவருக்கு முள் எடுக்கத் தெரியவில்லை. பயந்து பயந்து மென்றார். அவள் தட்டை இழுத்து, முள்ளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெறும் சதையாகத் தள்ளினாள். "மூட்ட தூக்குற மனுசன் ஒரு முள்ளுக்கு நடுங்குறாரு பாரு" என்றாள். அன்றிலிருந்து அவர் முள்ளைத் தொட்டதில்லை. குழந்தை பிறக்கவில்லை. அவள் அவருக்குத்தான் முள் எடுத்துக்கொண்டிருந்தாள், இருபது வருஷத்துக்கு மேல்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அந்தச் சித்திரைப் பௌர்ணமியில் சகாதேவன் மலையைச் சுற்றினார். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு இத்தனை கூட்டம் கிடையாது. புளியமரங்களுக்கு அடியில் அவரும், அங்கங்கே சில சாமியார்களும்தான். அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டார்: கஸ்தூரி எழுந்து தன் காலால் என்னோடு மலையைச் சுற்றி வருகிற வரைக்கும், என் வீட்டு வாசப்படி கவுச்சி தாண்டாது.

அவ்வளவுதான் வேண்டுதல். இத்தனை மாதம் என்று வைத்திருக்கலாம். இத்தனை சுற்று என்று வைத்திருக்கலாம். அப்படி வைக்கவில்லை. அவள் எழுந்துவிடுவாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

புரட்டாசியில் வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே எதுக்கும் தடை வேணாம். ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று சகாதேவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததனால்தான் வேண்டுதலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கைவிட்ட பிறகு அது ஒன்றுதானே மீதி?

ஊருக்குத் திரும்பிய மறுநாள் கஸ்தூரி கேட்டாள். "இன்னாங்க, ஒரு வாய் மீன் கொழம்பு. சோறுகூட வேணாம். நாக்குல வெச்சாப் போதும்."

"எழுந்து நட. சுத்திட்டு வந்து ஏரி மீனையே வாங்கிப் போடுறேன்" என்றார்.

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

செத்த பிறகாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. கருமாதிப் படையலில், இறந்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பதுதான் வழக்கம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, கருவாடு கேட்டவளுக்குக் கருவாடு. கஸ்தூரிக்கு வடையும் பாயசமும் வைத்தார்கள். அவள் மலையைச் சுற்றவில்லை, ஆகவே வேண்டுதல் முடியவில்லை. இனி முடியவும் முடியாது. முடியாத ஒன்றை எப்படி விடுவது என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை. விட்டால் சாமி இன்னும் எதையாவது எடுத்துக்கொள்வார் என்று பயம். எடுத்துக்கொள்ள என்ன இருந்தது, அந்தக் குட்டியைத் தவிர?

எனவே மீனைத் தவிர மற்றதையெல்லாம் முயன்றார். பருப்பு வேகவைத்த தண்ணீர் கொடுத்தார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இட்லியை வெந்நீரில் கரைத்து வைத்தார். நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது. மோரில் சோற்றைக் குழைத்துக் கொடுத்தார். கொஞ்சம் இறங்கியது. சாயங்காலம் அப்படியே வெளியே வந்தது. ஆரோரூட் கஞ்சி கழிச்சலை ஒருநாள் கட்டியது. கட்டியதோடு சரி, தெம்பு வரவில்லை. கோழிமுட்டை ஞாபகம் வந்தது. அதுவும் கவுச்சிதானே என்று விட்டார்.

ராமகிருஷ்ணனே ஒருநாள் மண்டிக்கு வந்து ஒரு டப்பாவை நீட்டினார். ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரம்மா ஒருத்தி, தன் பூனைக்கு ஊசி போட வந்த நன்றிக்குக் கொடுத்தாளாம். "பூனைக்குன்னே செஞ்சி அடைச்சது. ஒரு ஸ்பூன், அதுக்கு மேல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பாவின்மேல் கொழுகொழுவென்று ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

சகாதேவன் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. சந்து வழியாகச் சுற்றிப் பின்கட்டுக்குப் போனார். அங்கே துவைக்கிற கல்மேல் வைத்து, அரிவாள்மனை நுனியால் குத்தித் திறக்கப் பார்த்தார். வாசப்படி தாண்டாது என்றுதானே வேண்டிக்கொண்டார்? பின்கட்டு வாசப்படிக்கு வெளியேதான் இருக்கிறது. அப்படி ஒரு கணக்கு.

இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேங்கிக்கால் ஏரியில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவள். அவர் வேண்டிக்கொண்டதிலிருந்து அவர் வாசல் வழியே கூடையோடு வருவதில்லை, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவள்.

"இன்னாண்ணா டப்பா அது?"

"பூனைக்கு. வெள்ளைக்காரங்க சாப்பாடு."

அவள் எட்டிப் பார்த்தாள். "பூனை படம் போட்டிருக்குது! பூனைக்கே பூனைக்கறியாண்ணா?"

சகாதேவன் சிரித்துவிட்டார். ஐப்பசிக்கப்புறம் அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்ததும் யாரையோ ஏமாற்றியதுபோல் உடனே வாயை மூடிக்கொண்டார்.

டப்பா திறந்ததும், உள்ளிருந்து எடுத்துவந்து கல்லில் கிடத்தியிருந்த குட்டி கண்ணைத் திறந்தது. மூக்கு ஆடியது. ஒரு ஸ்பூன் வைத்தார். உறுமிக்கொண்டு தின்றது. அது தின்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை நிற்கவில்லை. இன்னொரு ஸ்பூன். பாவம், எத்தனை நாள் பட்டினி. இன்னொன்று. மண்டியில் தராசு முள் நடுவில் நிற்காமல் மூட்டையை இறக்கவிடாதவர், அங்கே அளவை மறந்துவிட்டார். எண்ணெய் மினுமினுத்த அந்தக் கறியெல்லாம் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட்டது. வாய் வழியாகவும், பின்னாலும். குட்டி துவைக்கிற கல்லின்மேல் துணி மாதிரிக் கிடந்தது.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள். "செவலைக்கும் இதே வயிறுதாண்ணா. கொழம்புல கெடந்த மீனக் குடுத்தா ஆவாது, கக்கிடும். அண்ணி எப்பிடிக் குடுக்கும், உங்களுக்குத் தெரியாதா?"

"எதக் குடுக்கும்?"

"மீனுதான்." சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது.

"எங்க வீட்டுல மீனு ஏது?"

"உங்க வீட்டுல இல்லண்ணா. இங்க. நீங்க மண்டிக்குப் போனப்புறம் எங்கிட்ட ஒரு துண்டு வாங்கி, எங்க அடுப்புலயே வெறும் தண்ணியில வேகவெக்கும். முள்ள ஒண்ணுவிடாம பொறுக்கும். அந்தத் தண்ணியிலயே மசிச்சி, சொவத்துமேல வெச்சிக் குடுக்கும். அப்புறம் சாம்பல் போட்டுக் கையத் தேச்சி, மோந்து பாக்கும். மறுபடியும் தேச்சி, மறுபடியும் மோந்து பாக்கும். வாசம் போச்சான்னு என்னையும் மோந்து பாக்கச் சொல்லும். அப்புறந்தான் உங்க வாசப்படி ஏறும்."

"ஒடம்பு முடியாம இருந்தப்பவுமா?"

"அப்பவுந்தான். கொஞ்ச நாளு நான் வேகவெச்சிக் குடுப்பேன், அது முள்ளு மட்டும் எடுக்கும்."

கஸ்தூரி தினமும் சுவரோரம் வந்து உட்கார்ந்திருந்தது சகாதேவனுக்கு நினைவிருக்கிறது. அவரேதான் மண்டிக்குப் போகுமுன் பாயைப் போட்டு உட்காரவைப்பார். இளவெயில் உடம்புக்கு நல்லது என்று நினைத்தார்.

"வெயிலுக்குன்னு நெனச்சேன்."

காசியம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க வீட்டுல கொழம்பு கொதிக்கிற நேரம் பாத்துத்தாண்ணா வந்து ஒக்காரும். ஒருநாளு எனக்கே மனசு கேக்கல. கிண்ணத்துல ஊத்தி நீட்டிட்டேன். 'இது எங்க வீட்டுச் சொவரு அண்ணி, உங்க வாசப்படிய தாண்டல, ஒரு வாய் வெச்சிக்கோ'ன்னேன். வாங்கிச்சு. மூஞ்சிகிட்ட வெச்சி நல்லா மோந்துச்சு. எனக்குச் சந்தோசமாப் போச்சி, குடிச்சிரும்னு. அப்புறம் கிண்ணத்த அப்பிடியே திருப்பிக் குடுத்துட்டுது. 'எனக்காவ அந்த மனுசன் வெறுங்காலோட சுத்திட்டு வந்தாரு காசி. நான் கெடுக்கக் கூடாது'ன்னுச்சு."

சுவருக்கு மேலே மலை தெரிந்தது. எப்போதும் தெரிகிற மலைதான்.

அவர் அறிந்த கஸ்தூரி இரண்டாம் தடவை கேட்காதவள். ஆசை அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். அடங்கவில்லை. தினமும் மீனின் வாசத்தில் வந்து உட்கார்ந்து, விரலால் மீனைத் தொட்டு, முள்ளை எடுத்து, அந்த விரலை நாக்கில் வைக்காமல் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். வேண்டுதல் வைத்தது அவர், மலையைச் சுற்றியது அவர். காத்தது அவள்.

குட்டி கல்லின்மேல் லேசாக அசைந்தது.

"காசியம்மா, கூடையில மீனு மிச்சம் இருக்குதா?"

"ரெண்டு ஜிலேபி கெண்டை இருக்குது. நானே வேகவெச்சித் தரேண்ணா. உங்க படி தாண்ட வேணாம்."

"வேணாம். குடு."

இரண்டு மீனையும் வாழையிலையில் வாங்கிக்கொண்டார். மறு கையில் குட்டி. பின்வாசல் படியருகே வந்ததும் கால் நின்றது. உள்ளே போனால் என்ன நடக்குமோ, இந்தக் குட்டி அடுப்புக்கு வந்து சேர்வதற்குள்ளேயே போய்விடுமோ என்று இருந்தது. உள்ளங்கையில் இருந்த எடையைப் பார்த்தார். எடை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. படியைத் தாண்டினார்.

கஸ்தூரியின் அடுப்பில் தண்ணீர் வைத்து மீனைப் போட்டார். கொதிக்க ஆரம்பித்ததும் வாசம் எழுந்து கூரை வரைக்கும் போனது. அவளுடைய புடவைகள் தொங்கிய கொடி, கட்டில், எல்லாவற்றிலும் ஏறியது. அவர் கதவைத் திறந்து விடவில்லை.

முள் எடுப்பது கஷ்டமாக இருந்தது. மண்டியில் காய்த்துப்போன விரல்களுக்கு அந்த மயிரிழை முள் தட்டுப்படவில்லை. குத்திய பிறகே தெரிந்தது. சதையை எடுத்து, தடவி, மறுபடி தடவி, ஒரு முள், இன்னொரு முள். அவளுக்கு இது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், இருபது வருஷச் சாப்பாட்டில்? மசித்து, வெந்த தண்ணீர் விட்டு, கூழாக்கி, சுண்டுவிரல் நுனியில் எடுத்துக் குட்டியின் வாயருகே நீட்டினார்.

வெகுநேரம் அது நக்கவில்லை. பிறகு நக்கியது.

அந்த நுனி விரல் அளவு தீர்ந்ததும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. இன்னும் கேட்டது. சகாதேவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அப்புறம்" என்றார். குட்டி கத்தியது. அவருக்கு அழுகை வந்தது. இருந்தும் கொடுக்கவில்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு நுனி. மறுபடி கொஞ்சம் விட்டு.

அந்த வாரத்தில் கழிச்சல் நின்றது. உள்ளங்கையில் எடை ஏறியது. முதல் நாள் அதை அவர் நம்பவில்லை, மற்றக் கையிலும் வைத்துப் பார்த்தார். மார்கழி முடியும்போது அது மண்டிக்குக் கிளம்பும் அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கியது. ராமகிருஷ்ணன் பார்த்துவிட்டு, "இன்னா போட்டீங்க இதுக்கு?" என்றார். "சொன்னீங்களே சார், அதான்" என்றார் சகாதேவன்.

எல்லோரும் சொன்னதுதான். டாக்டர் சொன்னார், கம்பவுண்டர் சொன்னார், அவளும்கூட ஒரு தடவை கேட்டாள். பூனைக்குச் செய்ய முடிந்ததே, அவளுக்குச் செய்ய என்ன தடுத்தது? தராசில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பார். முள் நிற்கவே நிற்காது.

தை அமாவாசைக்குக் காசியம்மாளைக் கூப்பிட்டு, கஸ்தூரி வைக்கிற மாதிரியே, அவள் அடுப்பிலேயே, அவள் சட்டியிலேயே மீன் குழம்பு வைக்கச் சொன்னார். காசியம்மாள் காரத்தைக் கரைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "மொளகாய்த்தூளு நெடிண்ணா" என்றாள். அவரும் ஆமாம் என்றார்.

கஸ்தூரியின் படத்துக்கு முன்னால் இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பை ஊற்றினார். நடுமுதுகுத் துண்டாக இரண்டு எடுத்து, அதில் முள் பொறுக்க உட்கார்ந்தார்.

"அண்ணிக்கு எதுக்குண்ணா முள்ளு எடுக்குறீங்க? அதுக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும்" என்றார்.

வெறும் சதையாக இலையில் தள்ளி முடித்ததும், வாசம் பிடித்துக்கொண்டு குட்டி ஓடி வந்தது. இலையின் நுனியில் மூக்கை வைக்கப்போனதை அள்ளித் தூக்கினார். "உனக்கு இல்லடி. காரம். வயிறு கெட்டுப்பூடும். உனக்கு அங்க வேற வெச்சிருக்கேன். இது அவளுக்கு."

கற்பூரம் காட்டிவிட்டு, வந்தவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்படிச் செய்வதுதான் முறை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, காக்கைக்கு வைத்துவிட்டு, வீட்டிலிருப்பவர்கள் சாப்பிடலாம்.

காசியம்மாள் வெயிலில் நின்று பார்த்தாள். "போதும்ணா. தொறக்கலாம்."

"இருக்கட்டும். சாப்புடட்டும்" என்றார் சகாதேவன்.

கதவிடுக்கில் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. குட்டி அவர் உள்ளங்கையில் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் ஆட்டியது. காசியம்மாள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள், இந்தத் தடவை அவர் வாசல் வழியாகவே. அவர் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.